பினாங்கு லிட்டில் இந்தியால தமிழ்ல நடக்குற பிட்காயின் ஆரம்ப கிளாஸ் – போகலாமா?

முதல்லயே சொல்லிடறேன், தாராளமா போகலாம். பிட்காயின்னா என்னன்னே தெரியாதவங்க, வாட்ஸப் குரூப்ல வர்ற மெசேஜ பார்த்து ஆசையும் பயமும் சேர்ந்தே வர்றவங்க, வீட்ல பிள்ளைங்ககிட்ட கேட்டா "உங்களுக்கு அதெல்லாம் புரியாதும்மா"ன்னு பதில் வாங்குனவங்க, இவங்களுக்கெல்லாம் இத விட நல்லா சொல்லித்தர்ற கிளாஸ் தமிழ்ல நான் பார்த்ததில்ல. கட்டணம் 80 வெள்ளி (ரிங்கிட்), காலைல ஆரம்பிச்சா மத்தியான சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் விடுவாங்க, நடுவுல டீ, வடை உண்டு.

இடம் லெபு பாசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடி. போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு ஆளுங்க வர்றாங்க. சொல்லித்தர்றவரு பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில ஐடி வேலை பார்க்குறாரு, ஞாயித்துக்கிழமைல மட்டும் இத நடத்துறாரு. மாடிப்படி ரொம்ப செங்குத்து, முட்டி வலி இருக்குறவங்க மெதுவா ஏறுங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது அவரு எடுத்துக்கிட்ட வரிசை. டீ பிரேக் வரைக்கும் விலைய பத்தி ஒரு வார்த்தை கூட வரல. இப்ப எவ்ளோ, இன்னும் ஏறுமா, எப்ப வாங்கணும்னு கேட்டவங்களுக்கு "அது கடைசில பேசலாங்க, முதல்ல இது என்ன பொருள்னு பார்ப்போம்"னு சிரிச்சுக்கிட்டே தள்ளி வெச்சுட்டாரு. முன்னாடி ஒரு ஹோட்டல் ஹால்ல நடந்த இலவச செமினாருக்கு போயிருந்தேன், அங்க பத்து நிமிஷத்துலயே விலை சார்ட் போட்டு, கார் போட்டோ போட்டு, கடைசில 3,000 வெள்ளி பேக்கேஜ் விக்க வந்துட்டாங்க, பிட்காயின் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு வரி கூட சொல்லல. அத பார்த்துட்டு இங்க வந்ததால வித்தியாசம் பளிச்சுனு தெரிஞ்சுது.

ஆரம்பத்துல அவரு எடுத்தது நம்ம கூட்டு கதை, அதாவது எல்லாரும் காசு போட்டு முறை வெச்சு எடுக்குற சீட்டு. கூட்டு போடாத வீடு நம்ம சனங்கள்ல கம்மி. நடத்துற அக்காகிட்ட ஒரு நோட்டு இருக்கும், யார் கட்டுனது, யார் எடுத்ததுன்னு எல்லாம் அதுல இருக்கும், அந்த அக்கா நோட்டோட காணாம போனா அத்தன பேரு காசும் போச்சு. பிட்காயின்ங்குற டிஜிட்டல் காசும் அந்த மாதிரி ஒரு கணக்கு நோட்டுதான், ஆனா அதோட காப்பி உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல இருக்கு, சராசரியா 10 நிமிஷத்துக்கு ஒரு புதுப் பக்கம் சேருது, எவனாவது தன் காப்பில மட்டும் கணக்க மாத்துனா மத்த கம்ப்யூட்டருங்க அத தூக்கி போட்டுரும்னாரு. பின்னால உக்காந்திருந்த ஒரு அங்கிள் "அப்ப இதுக்கு முதலாளி யாரு தம்பி"ன்னு விடாம கேட்டாரு. 2008 அக்டோபர் 31ஆம் தேதி சதோஷி நகமோட்டோங்குற பேருல ஒன்பது பக்க கட்டுரை ஒண்ணு வந்துச்சு, 2009 ஜனவரி 3ஆம் தேதி முதல் பக்கம் உருவாச்சு, அதுல லண்டன் டைம்ஸ் பத்திரிகையோட அன்னைக்கு தலைப்பு, பாங்குகள அரசாங்கம் காசு கொடுத்து காப்பாத்தப் போற செய்தி, அப்படியே எழுதி வெச்சிருக்கு, அந்த சதோஷி யாருன்னு இன்னி வரைக்கும் நிரூபணம் ஆகலன்னு பொறுமையா சொன்னாரு. அங்கிள் முகத்துல திருப்தி இல்ல, ஆனா முதலாளி இல்லாம ஒரு கணக்கு ஓட முடியும்ங்குறத ஏத்துக்க யாருக்குமே கொஞ்ச நேரம் ஆகும்தானே.

புதுப் பக்கத்த எழுதுறவங்கள பத்தி, அதாவது மைனிங் பத்தி, கொஞ்சம் அவசரமா ஓடிட்டாரு. எழுதுற போட்டில ஜெயிச்ச கம்ப்யூட்டருக்கு புது காசு கிடைக்கும், ஆரம்பத்துல பக்கத்துக்கு 50 பிட்காயின், கிட்டத்தட்ட நாலு வருஷத்துக்கு ஒரு தடவ அது பாதியாகும், 2024 ஏப்ரல்ல இருந்து 3.125, மொத்தமா 21 மில்லியனுக்கு மேல வராது. இது வரைக்கும் தெளிவா சொன்னாரு. ஆனா இதுக்கு ஏன் இவ்ளோ கரண்ட் வேணும்னு ஒரு பொண்ணு கேட்டப்ப, 2021ல சரவாக் மிரில கரண்ட் திருடி ஓட்டுன 1,069 மைனிங் மெஷின போலீஸ் ரோடு ரோலர் வெச்சு நசுக்குன கதைய சொல்லி முடிச்சுட்டாரு. கதை நல்லாதான் இருந்துச்சு, ஆனா கேள்விக்கு பதில் அது இல்ல. பழைய பக்கத்த ஒருத்தன் திருத்தணும்னா அந்தப் பக்கத்துக்கும் அதுக்கப்புறம் வந்த எல்லாப் பக்கத்துக்கும் செலவான வேலைய அவனே திரும்ப செய்யணும், அதுவும் மத்த எல்லாரையும் முந்தி செய்யணும், அவ்ளோ கரண்ட் செலவாகுறதாலதான் நோட்டுல கை வைக்குறது கட்டுப்படியாகாது. இந்த ஒரு விஷயம் புரியலன்னா மத்ததெல்லாம் மந்திரம் மாதிரிதான் தெரியும், அடுத்த தடவ இதுக்கு இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கணும்.

கிளாஸோட உயிர் டீக்கு அப்புறம் நடந்த செய்முறைதான். எல்லாருக்கும் போன்ல ஒரு வாலட் ஆப், அதாவது பிட்காயின் அனுப்ப, வாங்கிக்க உதவுற ஆப், போட்டு விட்டாரு, டெஸ்ட்நெட்னு பழகுறதுக்குன்னே ஒரு தனி நெட்வொர்க் இருக்கு, அதுல ஓடுற காசுக்கு மதிப்பு கிடையாது, அதனால பயம் இல்லாம தட்டலாம். ஆப் திறந்ததும் 12 இங்கிலீஷ் சொல்லு வரும், அத கொடுத்த பேப்பர்ல பென்சிலால வரிசையா எழுதச் சொன்னாரு, போட்டோ எடுக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் கூடாது, வாட்ஸப்ல தனக்குத்தானே அனுப்பக் கூடாது. மேங்கோ, கோகோநட், அம்பிரெல்லா மாதிரி சாதாரண சொல்லுங்கதான், மொத்தம் 2,048 சொல்லு உள்ள ஒரு பட்டியல்ல இருந்து எடுக்குறது. அப்புறம் ஆளுக்கு கொஞ்சம் டெஸ்ட் காசு அனுப்பி, வந்துருச்சான்னு பார்க்கச் சொல்லி, எல்லாரும் சந்தோஷப்படுற நேரத்துல "இப்ப ஆப்ப டிலீட் பண்ணுங்க"ன்னாரு. ரூமே அமைதியாயிருச்சு. மதிப்பில்லாத காசுன்னு தெரிஞ்சும் ரெண்டு மூணு பேருக்கு கை வரல.

திரும்ப ஆப்ப போட்டு, பேப்பர பார்த்து 12 சொல்லையும் தட்டுனா காசு அப்படியே திரும்ப வந்து நிக்குது. என் பக்கத்துல இருந்த ஆன்ட்டிக்கு மட்டும் வரவே இல்ல, ஆப் சொல்ல ஏத்துக்க மாட்டேங்குது, அவங்களுக்கு கண்ணு கலங்கிருச்சு. அவரு வந்து பேப்பர வாங்கி பார்த்தாரு, ஏழாவது சொல்லு ரிப்பன், அதுல ரெண்டு பி வரணும், ஆன்ட்டி ஒண்ணுதான் எழுதியிருந்தாங்க. உடனே அத எல்லாருக்கும் சொன்னாரு, இந்தப் பட்டியல்ல முதல் நாலு எழுத்து ஒண்ணா இருக்குற ரெண்டு சொல்லு கிடையாது, அதனால முதல் நாலு எழுத்த தெளிவா, தனித்தனியா எழுதுனாலே போதும், எழுதி முடிச்சதும் ஒரு தடவ அழிச்சு திரும்ப எடுத்துப் பாருங்க, அதுக்கப்புறம்தான் நெஜக் காச உள்ள போடணும்னு. காசு போன்ல இல்ல, அது அந்த நோட்டுலதான் இருக்கு, இந்த 12 சொல்லு அத எடுத்து செலவு பண்ற உரிமைங்குறத பத்து ஸ்லைடு போட்டாலும் இவ்ளோ நல்லா புரிய வெச்சிருக்க முடியாது. அந்தச் சொல்ல யார் கேட்டாலும், ஆப் கம்பெனி ஆளுன்னு சொன்னாலும், போலீஸ்னு சொன்னாலும், அவன் திருடன்தான்னு ஆன்ட்டிய எல்லாருக்கும் முன்னாடி சத்தமா சொல்ல வெச்சாரு.

அனுப்புறதையும் பழக்குனாரு. காசு போக வேண்டிய வாலட்டோட அட்ரஸ, அது நீளமான எழுத்து வரிசை, கையால தட்டக் கூடாது, காப்பி பண்ணி ஒட்டணும், ஒட்டுன அப்புறமும் முன்னாடி சில எழுத்தும் பின்னாடி சில எழுத்தும் சரி பார்க்கணும், ஏன்னா தப்பா போனா பாங்க் கவுண்டர்ல போயி நின்னு கேக்குற மாதிரி கேக்க ஆளே கிடையாது. "10 வெள்ளி அனுப்புனாலும் 10,000 வெள்ளி அனுப்புனாலும் ஃபீஸ் ஒண்ணா?"ன்னு ஒரு தம்பி கேட்டாரு, அருமையான கேள்வி. தொகைக்கும் ஃபீஸுக்கும் சம்பந்தம் இல்ல, அந்தப் பரிவர்த்தனை நோட்டுல எவ்ளோ இடம் பிடிக்குது, அந்த நேரத்துல எத்தன பேரு வரிசைல நிக்குறாங்கன்னுதான் கணக்கு, அதனால சின்னத் தொகைய அடிக்கடி நகத்துறது நஷ்டம்னு சொன்னாரு. இது எனக்கு புதுசு.

அப்புறம்தான் விலை. 2021 நவம்பர்ல 69,000 அமெரிக்க டாலர் கிட்ட போயிட்டு, ஒரே வருஷத்துல 16,000க்கு இறங்கி, 2024 டிசம்பர்ல 100,000 தாண்டுனதையும் போர்டுல எழுதுனாரு. எழுதிட்டு, "1,000 வெள்ளி போட்டு அடுத்த வருஷம் அது 250க்கும் கீழ போனா வீட்டு வாடகைக்கு பாதகம் வருமா, அத மட்டும் யோசிங்க"ன்னாரு. முழு பிட்காயின் வாங்கணும்னு இல்ல, ஒண்ணுல சதோஷின்னே பேர் வெச்ச சின்ன அலகு 100 மில்லியன் இருக்கு, சின்னத் தொகைக்கும் வாங்கலாம்ங்குறதும் பாதிப் பேருக்கு அங்கதான் தெரிஞ்சுது. வாங்குங்கன்னு ஒருத்தரையும் சொல்லல, எந்த ரெஃபரல் லிங்க்கும் கொடுக்கல.

சட்டம் பத்தியும் நல்லா சொன்னாரு. நம்ம மத்திய பாங்க் பேங்க் நெகாரா இத சட்டப்படி செல்லுற பணமா ஏத்துக்கல, ஆனா 2019 ஜனவரி 15ல இருந்து டிஜிட்டல் காயின் விக்குறது முதலீட்டு சந்தைய கண்காணிக்குற செக்யூரிட்டிஸ் கமிஷன் கட்டுப்பாட்டுல வருது, லூனோ, ஹாட்டா மாதிரி பதிவு பண்ண எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது காயின் வாங்கி விக்குற தளத்துல, மட்டும் வாங்குங்க, பதிவு இருக்குறதால விலை விழாதுன்னு அர்த்தம் இல்ல, ஏமாத்துனா போயி கேக்க ஒரு இடம் இருக்குன்னு அர்த்தம். 2014ல மவுண்ட் காக்ஸ், 2022 நவம்பர்ல எஃப்டிஎக்ஸ்னு ரெண்டு வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் விழுந்தப்ப பிட்காயின் நோட்டுக்கு ஒண்ணும் ஆகல, காச எக்ஸ்சேஞ்ச்லயே விட்டு வெச்சவங்கதான் தவிச்சாங்கன்னு சொல்லி, தன்னோட ஹார்டுவேர் வாலட்ட, அதாவது அந்த உரிமைய இன்டர்நெட்டுக்கு வெளிய வெச்சுக்குற சின்னக் கருவிய, கைக்கு கை கொடுத்து பார்க்கச் சொன்னாரு. இத செகண்ட் ஹேண்ட்ல வாங்கவே கூடாது, 12 சொல்லு முன்னாடியே எழுதி பெட்டிக்குள்ள வந்தா அது பொறின்னும் சொன்னாரு.

பினாங்குக்காரங்களுக்கு இந்த ஏமாத்து வேலை ஒண்ணும் புதுசு இல்ல. 2017ல, வெளிநாட்டு காசு வாங்கி வித்து லாபம் தர்றோம்னு இங்க இருந்து நடத்துன ஜேஜேபிடிஆர் ஃபாரெக்ஸ் திட்டம் விழுந்தப்ப எத்தன குடும்பம் சேமிப்ப தொலைச்சுதுன்னு நமக்கே தெரியும். அன்னைக்கு ஃபாரெக்ஸ்னு வந்தது இன்னைக்கு டெலிகிராம்ல பிட்காயின்னு பேர மாத்திக்கிட்டு வருது, மாசா மாசம் நிச்சய லாபம்னு ஒருத்தன் சொன்னாலே பேச்ச நிறுத்திடணும். செக்யூரிட்டிஸ் கமிஷனோட எச்சரிக்கை பட்டியல்ல பேர எப்படி தேடுறதுன்னு போன்லயே காட்டுனாரு, காசு போயிருச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராம உடனே பாங்குக்கும், ஏமாத்து புகார் சொல்ற 997 நம்பருக்கும் போன் போடச் சொன்னாரு. இத கேட்டுட்டு ரெண்டு பேரு தங்களுக்கு நடந்தத வாய் விட்டு சொன்னாங்க. தமிழ்ல நடந்ததாலதான் சொன்னாங்கன்னு நான் நம்புறேன், இங்கிலீஷ் செமினார்ல அவங்க வாயே திறந்திருக்க மாட்டாங்க.

குறைன்னு பார்த்தா, பேசுறது தமிழ், ஆனா ஸ்லைடு பூரா இங்கிலீஷ், எழுத்தும் பொடிசு, பின் வரிசைல இருந்து படிக்கவே முடியல. வருமான வரி பத்தி "டேக்ஸ் ஏஜெண்ட்கிட்ட கேளுங்க"ன்னு ஒரே வரில முடிச்சது போதாது. அத விட பெரிய குறை, நாம செத்துப் போனா அந்த 12 சொல்லு என்னாகும்ங்குறத யாரும் எடுக்கவே இல்ல. பாங்க் கணக்குன்னா பிள்ளைங்க இறப்பு சர்டிபிகேட்டோட போயி கேக்கலாம், இதுல சொல்லு தெரியலன்னா யாராலயும் எடுக்க முடியாது, தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் எடுத்துரலாம். வந்ததுல பாதி பேருக்கு வயசு ஐம்பதுக்கு மேல, அவங்களுக்கு முதல்ல தேவைப்படுறது இதுதான். எங்க எழுதி வைக்குறது, யார்கிட்ட சொல்றது, உயில்ல எப்படி குறிப்பிடுறது, இதுக்கு ஒரு வக்கீல கூட்டிட்டு வந்து தனியா ஒரு மணி நேரம் வெச்சா நான் இன்னொரு 80 வெள்ளி கட்டி வர ரெடி, அவருகிட்டயே சொல்லிட்டு வந்தேன்.

போறவங்க போன்ல கொஞ்சம் இடம் காலி பண்ணிட்டு போங்க, மூக்குக் கண்ணாடி மறக்காதீங்க, சீக்கிரம் போயி முன் வரிசைல உக்காருங்க. ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் பார்க்கிங் கிடைக்காது, பட்டர்வொர்த்ல இருந்து வர்றவங்க ஃபெரில வந்து நடந்துரலாம். அவருக்கு நான் வெச்ச இன்னொரு கோரிக்கை, பிறை, பட்டர்வொர்த் பக்கமும் மாசத்துக்கு ஒரு கிளாஸ் நடத்தணும், அங்க பேக்டரி ஷிப்ட் முடிச்சுட்டு வர்ற நம்ம பிள்ளைங்களுக்கு சாயங்கால நேரமா வெச்சா இன்னும் நல்லது. இடம் கிடைச்சா செய்றேன்னு சொல்லியிருக்காரு, அந்தப் பக்கம் கோயில் மண்டபமோ டியூஷன் சென்டரோ கையில வெச்சிருக்குறவங்க யாராவது இருந்தா எனக்கு சொல்லுங்க, அவருகிட்ட பேசி விடறேன்.