பெப்பு தகேகவாரா ஆன்சென்: கையைக் கடிக்காத வெந்நீர்க் குளியல்

ஜப்பானின் பெப்பு நகருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு வெந்நீருக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்குள் 2,000-க்கும் அதிகமான ஊற்றுகள். கன்னவா பக்கம் போனால் தெருவோரச் சாக்கடை மூடி இடுக்கிலிருந்துகூட ஆவி கிளம்பும். இத்தனைக்கும் நடுவில் நான் திரும்பத் திரும்பப் போவது தகேகவாரா ஆன்சென்னுக்குத்தான் (ஆன்சென் என்றால் வெந்நீர் ஊற்றுக் குளியல்). மலைமேல் இருக்கும் எங்கள் ரித்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் பிடித்து இறங்கி, பெப்பு ஸ்டேஷனிலிருந்து கடல் பக்கமாக நடந்தால் பத்து நிமிடம்.

1879-இல் தொடங்கிய குளியலகம் இது. இப்போதுள்ள மரக்கட்டடம் 1938-இல் கட்டியது. வளைந்த முகப்புக் கூரையைப் பார்த்தால் ஏதோ கோயில் என்றுதான் நினைக்கத் தோன்றும். கட்டணமோ 300 யென். ஸ்காலர்ஷிப் பணத்தில் மாதத்தை ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் சொகுசை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஷவர் கிடையாது, சோப்பும் துவாலையும் நாமே கொண்டுபோக வேண்டும். உடை மாற்றத் தனி அறையும் இல்லை. மேலே அலமாரி ஓரமாக உடையைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கிருந்தே படியிறங்கிக் குளத்துக்குப் போக வேண்டும். ஆமாம், உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் தனித்தனி என்றாலும் நம்மவர்கள் தயங்கும் இடம் இதுதான். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே குளிக்கும் பாட்டிகள் யாரும் நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதுகு தேய்ப்பதிலும் ஊர்க்கதை பேசுவதிலும் அவர்களுக்கு நேரம் சரியாகப் போய்விடுகிறது.

அவர்கள் கவனிப்பது ஒன்றைத்தான்: குளத்தில் கால் வைப்பதற்கு முன், சின்ன வாளியில் நீர் மொண்டு உடம்பைக் கழுவினாயா என்று. நுரை குளத்துக்குள் போகக் கூடாது, துவாலையை நீரில் நனைக்கக் கூடாது, நீளமான முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

தண்ணீர் நல்ல சூடு. காலில் தொடங்கி மெதுவாக ஊற்றிப் பழகிக்கொண்டு இறங்குங்கள். ஐந்து நிமிடத்தில் தோல் சிவந்து, பரீட்சை வாரத்துக் கழுத்துவலி கரைந்துவிடும். அதற்குமேல் வீராப்பாக உட்கார்ந்தால் தலை சுற்றும். ஏறி உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்கலாம். குளிர்காலம்தான் இதற்கு ஏற்ற காலம். ஆகஸ்ட் புழுக்கத்தில் போனால், வெளியே வந்த மறு நிமிடமே இன்னொரு குளியல் தேவைப்படும்.

இங்கேயே மணல் குளியலும் உண்டு. யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியோடு படுக்கவைத்து, ஊற்றுநீரால் சூடாக்கிய மணலைக் கழுத்துவரை மூடுவார்கள். கட்டணம் பல மடங்கு அதிகம். ஊரிலிருந்து யாராவது வந்தால் அழைத்துப் போகலாம், மாதாமாதம் கட்டுப்படியாகாது.

ஷவர் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் கன்னவாவில் 1922-இலிருந்து இருக்கும் ஹ்யோதான் ஆன்சென்னில் தொடங்கலாம். கொதிக்கும் ஊற்றுநீரை மூங்கில் கிளைகளில் வழியவிட்டு, பச்சைத் தண்ணீர் கலக்காமலே ஆறவைக்கிறார்கள். அருவிபோல் தோளில் விழும் வெந்நீரும், திறந்தவெளிக் குளமும் உண்டு. நல்ல இடம்தான், கூட்டமும் விலையும் கூடுதல்.

தகேகவாரா காலை 6:30-க்குத் திறந்து இரவு 10:30 வரை இருக்கும். லாக்கருக்கு 100 யென் நாணயம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரவில் போகிறவர்கள் மலைக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.