மார்கழிச் சளியும் இரண்டு யோகா அறைகளும்

ஸ்டாக்ஹோமில் பதினெட்டு ஆண்டுகளாக வசித்துவரும் எனக்கு, மார்கழியில் ஊருக்கு வந்தால் மூன்றாம் நாளே மூக்கடைத்து, தொண்டை கட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. விமானத்தின் வறண்ட காற்றில் பல மணி நேரம் அமர்ந்துவிட்டுத் தூக்கமும் கெட்ட உடம்போடு, காவிரிக்கரைப் பனியில் விடியற்காலையில் கோயிலுக்குக் கிளம்பினால் வேறென்ன ஆகும் என்று அக்கா ஒவ்வொரு முறையும் கடிந்துகொள்வார். இம்முறை சளி பிடித்த பிறகு மாத்திரை தேடாமல், அது அடிக்கடி வராதிருக்க உதவும் ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் முறையாகக் கற்றுக்கொள்வது என்ற முடிவோடு வந்தேன். அதற்காகச் சென்னையில் ஒரு தனியார் மையத்துக்கும், எங்கள் ஊர்ப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் போனேன்.

தனியார் மையத்தில் பத்து நாள் பயிற்சிக்கு 6,500 ரூபாயை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டா, காதில் ஏதேனும் தொல்லை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாளே இருபது பேரோடு உட்கார வைத்து, வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வெடுக்கென வெளியே தள்ளும் கபாலபாதியை வேகமாகச் செய்யச் சொன்னார்கள். நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதால் இரண்டாம் சுற்றிலேயே தலை சுற்றியது. அதைவிட என்னைக் கலங்க வைத்தது, உப்பு நீரை ஒரு நாசியில் விட்டு மறு நாசி வழியாக இறக்கி மூக்கைக் கழுவும் ஜலநேத்தி. குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து, கைக்கு வந்த அளவு உப்பைப் போட்டு நீட்டினார்கள். அண்டை மாநிலமான கேரளத்தில் 2024-லும் 2025-லும் நீரிலிருந்து மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபாத் தொற்றினால் உயிர்கள் போனதைப் படித்திருந்த நான், குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மீதிப் பணம் திரும்பி வரவில்லை.

அரசு மருத்துவமனையின் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவைப் பற்றி அக்காதான் சொன்னார். வழக்கமான புறநோயாளர் சீட்டைப் பெற்றுக்கொண்டு மாடியின் கடைசி அறைக்குப் போக வேண்டும், கட்டணம் கிடையாது. அங்கிருந்த இளம் பெண் மருத்துவர், ஐந்தரை ஆண்டுகள் இயற்கை மருத்துவமும் யோகாவும் படித்துப் பட்டம் பெற்றவர். இந்தப் படிப்புக்கான அரசு மருத்துவக் கல்லூரி சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் கால் மணி நேரம் அவர் ஒரு பயிற்சியும் சொல்லித் தரவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தார், என்னென்ன மாத்திரை என்று கேட்டார், ஆண்டுக்கு எத்தனை முறை சளி வருகிறது என்று எழுதிக்கொண்டார். பிறகு, "சார், உங்களுக்குக் கபாலபாதி வேண்டாம், தலைகீழாக நிற்கிற ஆசனங்களும் வேண்டாம்" என்று முதலில் நீக்க வேண்டியவற்றை நீக்கினார். மார்பை விரிக்கும் புஜங்காசனம், சேதுபந்தாசனம், முதுகுக்கடியில் சுருட்டிய போர்வையை வைத்துச் செய்யும் எளிய மத்ஸ்யாசனம் ஆகிய மூன்று போதும் என்றார்.

நாசிகளை விரலால் மாற்றி மாற்றி மூடி மூச்சு விடும் நாடிசுத்தியை நான் யூடியூபில் பார்த்துப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஆனால் மூக்கின் மேலெலும்பை அழுத்திக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை. மருத்துவர் என் கட்டைவிரலைச் சற்றே கீழே இறக்கி, எலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடத்தில் வைத்தார். அவ்வளவுதான், அழுத்தாமலேயே நாசி மூடிக்கொண்டது. மூச்சை இழுக்கப் பதினாறு, உள்ளே நிறுத்த அறுபத்து நான்கு, விட முப்பத்திரண்டு என்று திருமூலர் சொல்லும் கால அளவுக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம் இப்போதைக்கு எனக்கு வேண்டாமென்றும், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் போதுமென்றும் சொன்னார்.

ஜலநேத்திக்கு முந்தைய நாளே கொதிக்க வைத்த நீரை மூடி வைத்திருந்தார்கள். அதை வெதுவெதுப்பாக்கி, அரை லிட்டருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி பொடியுப்பைக் கரைத்து, குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல என் மணிக்கட்டின் உட்புறத்தில் நாலு சொட்டு விட்டுக் காட்டினார் செவிலியர் அம்மா. வாயால் மூச்சு விட்டபடி தலையைச் சாய்த்ததும் வலது நாசியில் விட்ட நீர் இடது நாசி வழியாக எரிச்சலே இல்லாமல் இறங்கியது. முடிந்ததும் குனிந்து, ஒவ்வொரு நாசியாக மெல்ல ஊதி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் காதுக்குப் போய்விடும் என்று இருமுறை எச்சரித்தார். மூக்கு முழுதாக அடைத்திருக்கும் நாளில் இதைச் செய்யவே கூடாதாம்.

பிராமரியின்போதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. உதடுகளை மூடி, பற்கள் ஒட்டாமல், வண்டு முரல்வதுபோல ஒலியெழுப்பி மூச்சை விடும்போது நெற்றிக்குள் அதிர்வதை உணரலாம். நான் வாழும் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்படி ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு அமைதியான மூச்சைவிடப் பதினைந்து மடங்கு கூடுவதாக 2002-இல் கண்டறிந்தவர்கள். மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளின் காற்று மாறுவதே அதற்குக் காரணம். என் வீட்டுக்கு அருகில் நடந்த ஆராய்ச்சியின் செய்முறையை ஊரில் ஒரு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கற்றேன்.

மருத்துவர் எதையும் மிகைப்படுத்தவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல் இருப்பதால் எந்த ஆசனமும் அவற்றைத் தடுத்துவிடாது, கை கழுவுவதும் தூக்கமும் முதலில் வர வேண்டும், காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றார். இந்த நேர்மையாலேயே மற்றவற்றை நான் நம்பினேன்.

குறைகளும் உண்டு. பாய்கள் ஐந்துதான், வருபவர்களோ ஒன்பது பத்துப் பேர். சீட்டு வாங்கும் வரிசை நீளம் என்பதால் எட்டு மணிக்கே போய்விடுவது நல்லது. எல்லா ஊர் மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு இருக்கும் என்று எண்ணாமல், விடுப்பில் வருகிறவர்கள் முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும். நான் இருந்த மூன்று வாரத்தில் ஒன்பது நாள் போனேன். சளி ஒருமுறை வந்தது, ஆனால் நெஞ்சில் இறங்காமல் நான்காம் நாள் விட்டது. இது பயிற்சியால்தானா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கடைசி நாளன்று, நான் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நேத்திக் குவளையை மருத்துவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே கழுவ முடியாத மூலைகள் இருப்பதால் இது வேண்டாம் என்றார். கடைவீதிப் பாத்திரக் கடையில் வாய் அகன்ற எவர்சில்வர் குவளை ஒன்றை வாங்கி, அவர் சீட்டின் பின்புறம் எழுதித் தந்த பயிற்சிக் குறிப்பை அதற்குள் சுருட்டி வைத்துப் பெட்டியில் வைத்தேன்.