மனவளக்கலை தவம்: ஏழு வருடம் உட்கார்ந்து பார்த்ததில்

2018 ஜூன் மாதம் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு ரத்த அழுத்தம் 156/98 என்று காட்டியது. அப்போது வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளிநாட்டு பையருக்கும் நம் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கும் ஆள். சாயப்பட்டறையிலிருந்து துணி இரண்டு நாள் தள்ளி வந்தாலும், ஷேடு மாறி வந்தாலும், பிரிண்டிங்கில் பிசகினாலும் முதல் போன் நமக்குத்தான். கப்பலில் போக வேண்டிய சரக்கு தேதி தவறினால் விமானத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவில் ஆர்டரின் லாபம் மொத்தமும் கரைந்துவிடும். பதினான்கு வருடம் அந்தப் பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன்.

டாக்டர் மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். "மனசக் கொஞ்சம் லேசா வெச்சுக்கங்க" என்றும் சொன்னார். அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் சாயங்காலம் கையைப் பிடித்து மனவளக்கலை மன்றத்துக்குக் கூட்டிப் போனார். உடற்பயிற்சி, தவம் என்கிற தியானம், தன்னைத் தானே ஆராய்வது மூன்றும் சேர்ந்த பயிற்சி அது. கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் மன்றம் உண்டு. இதன் முக்கிய மையமான ஆழியாறு அறிவுத்திருக்கோயிலுக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. இந்த முறையை வகுத்த வேதாத்திரி மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், தறித் தொழில் நடத்தியவர். நூலும் துணியும் தெரிந்த ஒருவர் சொன்னது என்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

எடுத்தவுடன் கண்ணை மூடச் சொல்லவில்லை. முதலில் எளியமுறை உடற்பயிற்சி. கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம் என்று போய், உடம்பைத் தேய்த்துவிட்டு, கடைசியில் உடல் தளர்த்தலில் முடியும். மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல பேர் இதைத் தாண்டிக் குதித்து நேராகத் தவத்துக்குப் போக நினைக்கிறார்கள். அது தப்பு என்று அடித்துச் சொல்வேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் குனிந்த கழுத்தோடு இருபது நிமிடம் நிமிர்ந்து உட்கார முடியாது. முதுகு வலிக்கும்போது மனசு எங்கே அடங்கும்?

அப்புறம்தான் தீட்சை. ஆசிரியை விரலால் புருவ மத்தியைத் தொட்டு, கவனத்தை அங்கே வைக்கச் சொன்னார். ஆக்கினை தவம். இரண்டாவது நிமிடமே அங்கே ஏதோ ஊர்வது போல, மெல்ல அழுத்துவது போல இருந்தது. அந்த உணர்வு பிடித்துப் போய், சொன்னதற்கு மேல், காலை, மதியம், ராத்திரி என்று உட்கார ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் நெற்றி கல்லைக் கட்டியது போலக் கனத்தது. வேலையில் கவனம் இல்லை, பையனிடம் எரிந்து விழுந்தேன். ஆசிரியையிடம் போய்ச் சொன்னபோது அவர் பதறவில்லை. "மேலயே ஏத்திக்கிட்டு இருந்தா எப்படி அம்மிணி, கீழ இறக்கத் தெரியோணுமில்ல?" என்றார். கவனத்தை முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்குக் கொண்டுபோகும் சாந்தி தவத்தை அன்றைக்கே உட்கார வைத்துச் செய்ய வைத்தார். நெற்றியின் கனம் அப்படியே வடிந்து, வயிறு சூடாகி, கொட்டாவி வந்தது. அன்றிரவு ஒன்பதரைக்குப் படுத்தவள் விடிந்துதான் எழுந்தேன். யூடியூப் பார்த்துத் தானாகச் செய்பவர்கள் ஆக்கினையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த இறக்கும் வித்தையைக் கற்றுத்தர பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

அதற்கு அடுத்தது துரியம், உச்சந்தலையில். அதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். எனக்கு ஒரு அமைதி கிடைக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

என் வாழ்க்கையை உண்மையில் மாற்றியது கண் மூடி உட்காரும் பகுதியைவிட, பேனா பிடித்து எழுதிய பகுதி. இதில் தற்சோதனை என்று ஒன்று உண்டு: எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல். சினத்துக்கு, யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பெயர் எழுத வேண்டும். என் பட்டியலில் முதல் பெயர் பையர் இல்லை, முதலாளி இல்லை, என் மாமியார். இரண்டாவது என் பையன். எழுதிவிட்டு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் வீட்டில், திருப்பி அடிக்காதவர்கள் மேல் கொட்டியிருக்கிறேன். தவம் முடிகிறபோது அவர்கள் முகத்தை நினைத்து "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்த வேண்டும். முதல் மாதம் வாய்தான் சொன்னது. எந்த நாளில் மனசும் சேர்ந்து சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்கு அத்தை என்னிடம் முறுக்கு மாவு பதம் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

கவலையை நாலாகப் பிரிக்கச் சொல்வார்கள்: அனுபவித்துத்தான் தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. என் மேஜை டிராயரில் நாலு கட்டம் போட்ட ஒரு நோட்டு இன்றும் இருக்கிறது. லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரித் துண்டு) அப்ரூவல் வரவில்லையா, உடனே தீர்க்க வேண்டியது, போனை எடு. பருத்தி நூல் விலை ஏறிவிட்டதா, அது என் கையில் இல்லை, அனுபவித்துத்தான் தீர வேண்டும். பக்கத்து செக்‌ஷன்காரர் என்னைப் பற்றி எம்.டி.யிடம் ஏதோ சொன்னாராம், அலட்சியம். கட்டத்துக்குள் எழுதிவிட்டால் அது மண்டைக்குள் சுற்றுவது நின்றுவிடுகிறது.

சரி, உடம்புக்கு என்ன ஆச்சு? ஒரு வருடம் கழித்து 138/88. மூன்றாவது வருடத்தில் டாக்டர் மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தார். கடைசியாகப் பார்த்தபோது 126/82. இதில் நடைக்கு எவ்வளவு பங்கு, உப்பைக் குறைத்ததற்கு எவ்வளவு, தவத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அமெரிக்க இதய சங்கம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து தியானத்தையும் கைக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது, சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. எங்களோடு பயின்ற ஒருவர் "தவம் இருக்க மாத்திரை எதற்கு" என்று தானாகவே நிறுத்தி, நாலு மாதத்தில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். தயவுசெய்து மாத்திரையில் கை வைக்காதீர்கள். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் போய்விட்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை. அதற்குப் பிறகு கண்ணை மூடினாலே ஆஸ்பத்திரி வாசலும் ஆம்புலன்ஸ் சத்தமும்தான். நெஞ்சு படபடத்து, வியர்த்து, எழுந்து ஓட வேண்டியிருந்தது. தவம்தானே மருந்து என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்தேன், இன்னும் மோசமானது. ஆசிரியைதான் போனில் நிறுத்தச் சொன்னார். "இப்போதைக்குக் கண்ண மூட வேண்டாம் அம்மிணி. உடற்பயிற்சி மட்டும் செய்யுங்க. மனநல டாக்டர் ஒருத்தரப் பாருங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல." பார்த்தேன். எட்டு மாதம் தவமே இல்லை. திரும்ப ஆரம்பித்தபோது சாந்தி தவம் மட்டும், ஐந்து ஐந்து நிமிடமாக. துக்கம் பச்சையாக இருக்கும்போது தியானம் எல்லாருக்கும் ஒத்துவராது. அதைச் சொல்லாமல் வெறும் பெருமை மட்டும் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்றைக்கு என் வழக்கம் இதுதான். காலை ஐந்து மணிக்கு உடற்பயிற்சி, பிறகு இருபது நிமிடம் தவம், ஆறு மணி வாக்கில் பால் அடுப்பில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிந்தால் மன்றம். கூட்டாக உட்காரும்போது கிடைக்கும் ஆழம் வீட்டில் எனக்கு வருவதில்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் தவறும். தவறிய நாளை என் பையன் கண்டுபிடித்துவிடுவான். "அம்மா, நீ இன்னைக்கு உட்காரலையா?" என்று காலை டிபனுக்கு முன்னாலேயே கேட்பான். இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான், என் குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

வேலை அதே வேலைதான். போன மாதம் பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி ஷேடு மாறி வந்தது. முன்னெல்லாம் கை நடுங்க சாயப்பட்டறைக்காரரிடம் கத்தியிருப்பேன். இந்தத் தடவை துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இரண்டு மூச்சு விட்டேன், "அண்ணா, எந்த லாட்டுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டேன். அவரும் கத்தவில்லை. ராத்திரிக்குள் மாற்று ரிப் வந்தது. ஆனால் ஷிப்மென்ட்டுக்கு முந்தின ராத்திரி மட்டும் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஏழு வருடத் தவத்திலும் அது சரியாகவில்லை. அன்றைக்கு மட்டும் எழுந்துபோய், மொட்டைமாடியில் பாயை விரித்து சாந்தியில் உட்கார்ந்துகொள்கிறேன்.