ஓப்பன் ரெயில்ஸ் மரங்கள்: முடி சரி, அடிதான் பிழை

கொடிகாமம் தாண்டிப் பளைப் பக்கம் ஓடும் ரயிலில், சாரதியின் இருக்கையிலிருந்து ஒரு பனையைக் கவனியுங்கோ. தூரத்தில் முடி மட்டும் வானத்தில் ஒட்டினமாதிரித் தெரியும். கிட்ட வர வர அது கண்ணாடியின் மேல் விளிம்போடு மறைந்துவிடும். மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 28 மீற்றர். கடைசி இரண்டு விநாடியும் கண்ணுக்கு முன்னால் ஓடுவது அடிமரமும் வடலியும் வேலியும்தான். கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேற்றர்களின் மரங்கள் தோற்பதும் அங்கேதான். முடிக்கு மினக்கெட்டவர்கள் அடியைக் கவனிப்பதில்லை.

இலங்கையின் வடக்கு ரயில் பாதையைக் கணினியில் போட விரும்புகிறவர்களுக்கு ஓப்பன் ரெயில்ஸ் என்ற சிமுலேற்றர்தான் முதலில் கைக்கு வரும். காசு இல்லை, 2001இல் வந்த மைக்ரோசொஃப்ட் ட்ரெயின் சிமுலேற்றருக்கான பாதைகளையும் ஓட்டும். ஆனால் மென்பொருள் மரம் எதையும் தன்னோடு கொண்டுவராது. பாதை போட்டவர் வைத்த மரம்தான் திரையில் நிற்கும். ஆகவே குறை சொல்லமுன், அது மென்பொருளின் குறையா, நட்டவரின் குறையா என்று பார்க்கவேணும். பெரும்பாலும் நட்டவருடையதுதான்.

மரம் வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று காடு: ஒரு செவ்வகத்தைக் குறித்து, மரத்தின் படம், எண்ணிக்கை, அகல உயரம், மரம் சிறிதாகவும் பெரிதாகவும் மாறும் அளவு எல்லை ஆகியவற்றைக் கொடுத்தால் அதற்குள் மரங்களைத் தானே தூவிவிடும். ஒவ்வொரு மரமும் படம் ஒட்டின ஒற்றைத் தகடு. எங்கிருந்து பார்த்தாலும் அது உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பும். 150 மீற்றருக்கு அப்பால் அருமை. ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரைக்கும் பாலை, வீரை, முதிரை அடர்ந்த காட்டுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. பாதையோரத்தில் வைத்தால் மட்டும் கூத்து: ரயில் கடக்கும்போது அடிமரமும் கூடவே திரும்பி எங்களைப் பார்க்கும். 30 மீற்றருக்குள் காட்டைக் கொண்டுவரவே கூடாது.

பனைக்கு அந்த அளவு எல்லைதான் பெரிய பொறி. 0.5 முதல் 1.5 வரை என்று விட்டால், 20 மீற்றர்ப் பனை 10 முதல் 30 மீற்றர் வரைக்கும் வரும். உயரம் பரவாயில்லை. ஆனால் அதே விகிதத்தில் அடிமரமும் பருக்கும், ஓலையும் அகலும். உண்மைப் பனை அப்படி வளராது. வேம்பு வருடா வருடம் பருக்கும். பனை பருமனைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு பிறகு உயர்ந்துகொண்டே போகும். எல்லையை 0.9–1.1க்குள் அடக்கி, மூன்று படங்களைத் தனித்தனியாகச் செய்யவேணும்: அடிமரமே தெரியாத 2–3 மீற்றர் வடலி, மட்டை அடிகள் ஒட்டின 8–10 மீற்றர் இளம்பனை, மட்டை கழன்று கறுத்த 18–20 மீற்றர் முதுபனை. காவோலை தொங்கும் படம் ஒன்றும் கலந்தால் தோப்புக்கு உயிர் வரும்.

100க்கு 100 மீற்றர் நிலத்தில் 100 பனை காணும். 300 வைத்தால் பச்சைச் சுவர். செவ்வகத்தின் ஓரம் கத்தியால் வெட்டினமாதிரித் தெரிவதைத் தவிர்க்க, 40–60 மீற்றர்த் துண்டுகளைக் கோணம் மாற்றி ஒன்றன்மேல் ஒன்று படியவிடவேணும். தண்டவாளத்துக்குள் முளைக்கும் மரங்களுக்குப் பாதையின் கோப்பில் ஒரு வரி சேர்த்து, இத்தனை மீற்றர் விலத்து என்று சொல்லலாம். வயதான பாதைகளுக்கு இது பெரிய உதவி.

இரண்டாவது வழி தனிமரம். வழக்கமான செய்கை, இரண்டு தகட்டைக் குறுக்காக வெட்டி நிறுத்துவது. பனை நேராக, சுற்றிவர ஒரேமாதிரி நிற்பதால் இதற்கு ஆலமரத்தைவிடச் சரியாகப் பொருந்தும். பொருந்தாத நேரம் மத்தியானம். ஏப்ரலிலும் ஓகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணத்துக்கு வெயில் உச்சந்தலையில். நிமிர்ந்த தகட்டுக்கு அப்போது நிழலே இராது. நிலத்தில் மெல்லிய பெருக்கல் அடையாளம் மட்டும் விழும். முடியின் உயரத்தில், மேலிருந்து பார்த்த ஓலைப் படத்தோடு கிடையாக மூன்றாவது தகடு ஒன்றை வையுங்கோ. கணினி வரையும் உருவமெல்லாம் முக்கோணங்களால் ஆனவை; இதில் கூடுவது இரண்டே முக்கோணம், நிழல் வட்டமாக விழும். எல்லா உருவங்களுக்கும் நிழல் என்ற தெரிவையும் போடவேணும், இல்லாவிட்டால் பல மரங்களுக்கு நிழலே வராது. தகடுகளின் ஒளியமைப்பைக் குரூசிஃபோம் (குறுக்குத் தகட்டு வகை) என்று கொடுப்பது நல்லது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கரி என்று ஆகாது.

பாதையை ஒட்டின 30 மீற்றருக்கு இதுவும் போதாது. அங்கே ஆறு பக்க உருளையாக அடிமரம், மூன்று துண்டு: 36 முக்கோணம். 20 ஓலைக்கு 40. மொத்தம் 76. இதை எல்லா இடமும் நட்டால் பழைய மடிகணினி மூச்சுவாங்கும். முன்வரிசைக்கு மட்டும் என்றால் தாங்கும்.

ஓலை விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால், படத்தின் ஒளிபுகும் பகுதிக்கு அடியில் வெள்ளை நிறம் கிடக்கிறது. அங்கே ஓலையின் பச்சையையே நிரப்பவேணும். தூரம் போகப் போக முடி மெலிந்து கம்பம்மாதிரி ஆனால், தூரத்துக்கென்று சிறிதாக்கிய படிநிலைப் படங்களில் ஒளிபுகாமை குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு படியிலும் அதைக் கொஞ்சம் ஏற்றவேணும்.

மென்பொருளின் பருவகாலங்கள் பனி விழும் நாடுகளுக்குத்தான் பொருந்தும். பனியை எறிந்துவிட்டு, குளிர்காலப் படங்களின் இடத்தில் மாரியை வைக்கலாம்: புல் பச்சை, கிளுவை வேலி தழைத்தபடி. கோடைக்குக் காய்ந்த புல், இலையுதிர்ந்த கிளுவை. பனை இரண்டிலும் ஒரே பச்சை. பருவத்துக்கு மாறவேண்டிய உருவம் என்றால், அதோடு வரும் எஸ்டி (.sd) கோப்பில் மாற்றுப்பட எண் 252 ஆக இருக்கவேணும். 0 என்றால் எந்தப் பருவத்திலும் மாறாது.

தென்னைப் பொதி ஒன்றை இறக்கி வடக்கு முழுக்க நடுவதுதான் மன்னிக்க ஏலாத குறுக்குவழி. பளையில் தென்னந்தோட்டம் உண்டு, அங்கே வையுங்கோ. போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கம் எந்த ஆண்டுப் பாதை என்று முடிவெடுத்த பிறகு நடவேணும்; போருக்குப் பிந்தின காலம் என்றால் தலையறுந்த பனைகளும் தேவை, அதற்கு ஓலையில்லாத உருளை ஒன்றே காணும். ஆனையிறவில் உப்புவெளியும் களப்பும். அங்கே கை அரிக்கும், ஆனாலும் ஒரு மரமும் நடாதீர்கள்.

ட்ரெயின்ஸ் என்ற இன்னொரு சிமுலேற்றரில், ஸ்பீட்ட்ரீ என்ற மென்பொருளில் செய்த மரங்கள் காற்றுக்கு ஆடும், கிட்டப் பார்க்க வடிவு. அதற்குத் தகுந்த கிராஃபிக்ஸ் காட் வேணும். ஓப்பன் ரெயில்ஸில் மரம் அசையாது. பனங்காட்டு நரி அஞ்சாத அந்தச் சலசலப்பை ஒலிக்கோப்பாகத் தரிப்பிடங்களில் வைக்கலாம். ஓடும் எஞ்சின் சத்தத்துக்குள் அது எப்படியும் கேட்காது.