4 எம்எம் டைமண்ட் பஞ்ச் செட்: முன்னாடி அழகு, பின்னாடி அழுகை

தோல் தைக்கிறதுக்கு முன்னாடி அடிச்சு வரிசையா வைர வடிவ ஓட்டை போடுற பஞ்ச் இது, பல்லுக்குப் பல்லு 4 எம்எம் இடைவெளி. 2 பல்லு, 4 பல்லு, 6 பல்லுன்னு மூணு பீஸ் செட், ஆன்லைன்ல 700 ரூபாய்க்கு வாங்குனேன். ஆறு மாசம் ஆச்சு, இதுவரைக்கும் பதினோரு பர்ஸ் தச்சிருக்கேன், அதுல மூணு வெளிய காட்டவே முடியாது, ஆனா மூணுக்கும் பஞ்ச் மேல பழி போட்டா பொய் ஆயிடும், பாதி தப்பு எந்தப் பக்கத்துல இருந்து அடிக்கணும்னு தெரியாம நானே பண்ணது.

ஸ்டீல் ஓகே. பல்லுங்கதான் வரும்போதே சொரசொரன்னு இருந்துச்சு, அடிச்சா உள்ள போகுது, புடுங்குறப்போ தோலும் கூடவே எழும்பி வருது. 1000 நம்பர் எமரி பேப்பர்ல உக்காந்து தேய்ச்சேன், இப்போ மெழுகுக்கட்டியில ஒரு குத்து குத்திட்டு அடிச்சா ஈசியா வருது. பெரிய கோளாறு வேற. 6 பல்லுல கடைசி பல்லு லேசா வெளிப்பக்கம் சாஞ்சிருக்கு. மேல பாத்தா தெரியாது, பாக்கெட்லாம் சேத்து 3 எம்எம் கனம் வந்துச்சுன்னா பின்னாடி ஆறாவது ஓட்டை மட்டும் லைனை விட்டு ஓரத்துக்கு ஓடிருக்கும், கோலத்துல ஒரு புள்ளி தள்ளி வச்ச மாதிரி. வித்தவங்ககிட்ட கேட்டா ரிட்டர்ன் டேட் முடிஞ்சிடுச்சாம்.

இப்போ பக்கம் மேட்டர். டைமண்ட் ஓட்டை சாய்வா விழும், அடிச்ச பக்கத்துல வலது சாய்வுன்னா திருப்பிப் பாத்தா இடது சாய்வு. ரெண்டு ஊசி போட்டு கையால தைக்கும்போது அடிச்ச பக்கம் நூல் அழகா சாஞ்சு உக்காரும், பின்பக்கம் கிட்டத்தட்ட நேர்கோடாதான் வரும். பின்னாடியும் சாயணும்னா ஒவ்வொரு தையலுக்கும் இழுக்குறதுக்கு முன்னாடி நூலை ஊசி மேல ஒரு சுத்து போடணும், ஒண்ணு எல்லாத்துக்கும் போடு இல்ல எதுக்கும் போடாத, நடுவுல மறந்தா பல்லு போன சீப்பு மாதிரி ஆயிடும்.

சென்னை பெரியமேட்டுல நான் தோல் கட் பீஸ் வாங்குற கடை அண்ணன், "தம்பி காசு எடுக்கும்போதெல்லாம் உள்பக்கத்தைத்தான பாப்ப, உள்ள இருந்தே அடி"ன்னாரு. அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, கார்டு பாக்கெட் படிப்படியா ஏறுற இடம் உள்ள இருந்து பாத்தாதான் தெரியும், அந்த விளிம்பைத் தாண்டி ஒரு ஓட்டை விழுந்தாதான் தையல் விளிம்பு மேல ஏறிப் புடிக்கும், இல்லன்னா கார்டு சொருகிச் சொருகி அங்கதான் முதல்ல பிரியும். சரின்னு உள்ள இருந்து அடிச்சேன், வெளிப்பக்கம் பின்பக்கமாயிடுச்சு, அங்க தையல் கோணல்மாணல்.

அடுத்ததுல ஓவர் புத்திசாலித்தனம். மடிக்கிற பர்ஸுக்கு வெளித்தோலை உள்தோலை விட கொஞ்சம் நீளமா வெட்டணும், அப்பதான் மடிச்சா சுருங்காம உக்காரும், அதனால ரெண்டையும் தனித்தனியா அடிக்கிற மாதிரி இருக்கும். நான் ரெண்டையும் அதது நல்ல பக்கத்துல, அதாவது கண்ணுக்குத் தெரியிற பக்கத்துல அடிச்சேன். சேத்து வச்சா சாய்வு எதிரும் புதிருமா பெருக்கல் குறி போட்டு நிக்குது! பிளையர் வச்சு இழுத்து ரெண்டு ஊசி உடைஞ்சதுதான் மிச்சம். இதுக்குன்னே எதிர்ச்சாய்வு பஞ்ச் தனியா விக்குறாங்க, இந்த செட்ல கிடையாது.

அதனால இப்போ வெளித்தோலை வெளிப்பக்கத்துல இருந்து அடிக்கிறேன், உள்தோலைக் கவுத்துப் போட்டு முதுகுப்பக்கம் அடிக்கிறேன், சாய்வு ஒத்துப்போகுது. கவுக்குறதுக்கு முன்னாடி பாக்கெட் விளிம்பு ஒவ்வொண்ணுக்கும் உள்ள இருந்து குத்தூசியால ஒரு அடையாளம் குத்திடுவேன், பின்னாடி ஓட்டை எண்ணிக்கையை அதுக்கேத்த மாதிரி சரி பண்ணிக்கலாம். மத்தவங்க எப்படியோ, எனக்கு வெளிப்பக்கம்தான் முகம், உள்ள கார்டு மறைச்சிடும்.

பெல்ட், தோல் பைக்கு 4 எம்எம் ஜம்முனு இருக்கு. பர்ஸுக்கு முரட்டுத்தனமா தெரியுது, 3 எம்எம் வாங்குங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கலாம். வாங்குனா பார்சல் பிரிச்ச அன்னைக்கே ரெண்டு கழிவுத்துண்டை ஒட்டி அடிச்சு, முதல்ல பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, ரிட்டர்ன் டேட் போறதுக்குள்ள.