வீட்டாரையும் சேர்த்துப் பார்க்கும் மேய்ப்புப் பணி: எங்கள் இரண்டாண்டு அனுபவம்

தென் மாவட்டம் ஒன்றில் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் நடத்திவரும் மேய்ப்புப் பணியை, அதாவது ஆன்மிகத் துணையும் ஆறுதலும் தரும் பணியைப் பற்றிய மதிப்புரை இது. பணியகத்தின் பெயரையும் ஊரையும் நான் எழுதப்போவதில்லை. அவர்கள் தங்கள் வாசலில் பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. அங்கு நுழைகிறவரை யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதே காரணம். தேவைப்படுகிறவர்கள் தங்கள் பகுதி நம்பிக்கை மையத்தின் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டால், இதுபோன்ற பணி அருகில் எங்கே நடக்கிறது என்று விசாரித்துச் சொல்வார்கள்.

என் தம்பிக்கு இப்போது 41 வயது. தொற்று உறுதியானதும், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரையைத் தொடங்கியவன், ஒரு செபக்கூட்டத்தில் 'மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு' என்று சொன்னதை நம்பி எட்டு மாதம் நிறுத்திவிட்டான். எடை குறைந்து, காசநோயோடு அரசு மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் இந்தப் பணியகத்தின் அருட்சகோதரி ஒருவர் எங்களைத் தேடி வந்தார். துறவற உடையில் வராமல் சாதாரண நூல் புடவையில் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். இது எப்படி வந்தது என்ற கேள்வியை அன்றும் கேட்கவில்லை, இந்த இரண்டு ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்கவில்லை. மற்ற எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். உடன்பிறந்த நானும் கேட்டேன்.

செபத்தையும் அவர்கள் திணிக்கவில்லை. மூன்றாம் சந்திப்பில் தம்பியே, "ஃபாதரைப் பார்க்கலாமா, சிஸ்டர்?" என்று கேட்ட பிறகுதான் அருட்தந்தை வந்தார். மாத்திரைக்கும் விசுவாசத்துக்கும் என்ன தொடர்பு என்று தம்பி கேட்டபோது அவர் வாதம் செய்யவில்லை. விவிலியத்தில் சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து, மருந்துகளை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்று கூறும் பகுதியைத் தம்பியையே வாசிக்கச் சொன்னார். ஒப்புரவு அருட்சாதனமும் (பாவ அறிக்கை), நோயுற்றவருக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலும் அதற்கு அடுத்த வாரம் நடந்தன. நோயில்பூசுதல் என்றால் சாகப்போகிறவர்களுக்குத்தான் என்று எண்ணி அம்மா அழுதபோது, நலம் பெறவும் அது கொடுக்கப்படுகிறது என்று பொறுமையாக விளக்கினார்கள்.

வீடு திரும்பியபின் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஆனால் டப்பாவைப் பையில் வைத்தால் பேருந்தில் கலகலவென்று சத்தம் வருகிறது, பக்கத்தில் இருப்பவர் என்ன மாத்திரை என்று கேட்டுவிடுவாரோ என்று தம்பி அஞ்சினான். சகோதரி அந்த டப்பாவை வாங்கி, மேலே கொஞ்சம் பஞ்சை அடைத்துத் திருப்பிக் கொடுத்தார். இரவு எட்டரை மணிக் குடும்பச் செபம் முடிந்ததும் மாத்திரை என்று அவர் வகுத்துத் தந்த ஒழுங்கு இன்றுவரை தவறவில்லை.

இந்தப் பணியை நான் உயர்வாக மதிப்பது வீட்டாரிடம் அவர்கள் காட்டிய அக்கறைக்காகத்தான். அம்மா தம்பியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டைத் தனியே கழுவித் தனியே கவிழ்த்து வைப்பார். எச்சிலால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லை சிஸ்டர், பேத்திக்குத்தான் பயமா இருக்கு" என்பார். அதே கேள்வியை அவர் நான்கு சந்திப்புகளில் கேட்டார். நான்கு முறையும் சகோதரி முதன்முறை கேட்பவரைப் போலவே பதில் சொன்னார். ஐந்தாம் முறை அம்மா கேட்கவில்லை. தட்டுகள் ஒன்றாக அடுக்கப்பட்டன.

அம்மாவின் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் 1986இல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது; அதன்பின் வந்த ஆண்டுகளில் எய்ட்ஸ் என்றால் சாவு என்றே சுவரொட்டிகள் சொல்லின. அன்றைய மேய்ப்புப் பணியும் பெரும்பாலும் நல்ல மரணத்துக்கு ஆயத்தம் செய்வதாகவே இருந்திருக்க வேண்டும். தாம்பரம் உள்ளிட்ட சில மையங்களில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபின், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர் நெடுங்காலம் வாழ்கிறார். எனவே இன்று தேவைப்படுவது பல ஆண்டுகள் உடன்வரும் துணை. இந்தப் பணியகம் அதை உணர்ந்திருக்கிறது. நான் கண்ட பல ஆலயப் பங்குகள் இன்னும் உணரவில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது முறையாகாது. தம்பியின் மனைவிக்குத் தொற்று இல்லை. மூன்று மாதம் கழித்துச் செய்த மறுபரிசோதனையும் அதையே காட்டியது. தொற்று இல்லை என்பதாலேயே அவளுக்கு ஆறுதல் தேவையில்லை என்று எல்லோரும் எண்ணிவிட்டோம். கோபம், அவமானம், இனி கணவனோடு வாழலாமா என்ற கேள்வி எல்லாவற்றையும் ஏறக்குறைய ஓர் ஆண்டு அவள் தனியே சுமந்தாள். பெண்களுக்கென இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம் தொடங்கிய பிறகுதான் அவள் பேசினாள். இரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே நீடித்தால் தாம்பத்திய உறவின் வழியாகத் தொற்று பரவாது என்பதை அங்கே ஆலோசகர் தயக்கமில்லாமல் எடுத்துச் சொன்னார். அதை முதல் மாதங்களிலேயே அவள் காதில் போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு தவறு பெரியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் தன்னார்வலர் ஒருவர், பணியகத்தார் சந்தித்துவரும் நோயாளிகளுக்காக மன்றாடுவோம் என்று சொல்லிப் பெயர்களை வாசித்துவிட்டார். நோயின் பெயரைச் சொல்லவில்லைதான். கேட்டவர்களுக்கு ஊகிக்கத் தெரியாதா? ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளிப்படுத்துவதைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்லெண்ணத்தால் செய்ததும் மீறல்தான். அருட்தந்தை வீட்டுக்கு வந்து, அமர்வதற்கு முன்பே தம்பியிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றோடு பெயர் வாசிக்கும் வழக்கம் நின்றது.

கட்டணம் எதுவும் இல்லை, காணிக்கையும் கேட்பதில்லை. ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் இல்லாதவர்களுக்கு அதையும் தருகிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே வருகிறார்கள். அவர்களிடம் ஞானஸ்நானப் பேச்சு எடுத்ததை நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அதிகம் இருப்பதால் முன்கூட்டித் தொலைபேசியில் பேசிவிட்டுப் போவது நல்லது. வீட்டுக்கு வரும்போது வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னால் அப்படியே செய்வார்கள்.