இரண்டும் சேர்த்தா, அக்காவின் ஒன்று மட்டுமா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அத்தை வீட்டில் மூன்று ஞாயிறாக இதே பேச்சுதான். அத்தை மகனுக்கு 11 வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. இப்போது 35. ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவனுடைய அக்கா ஒரு சிறுநீரகம் தரத் தயார். அத்தைக்கு வேறு கணக்கு: “கணையத்தையும் சேர்த்து மாத்திட்டா ஊசியே வேணாமாமே?”

அத்தை கேட்டது வெறும் ஆசை இல்லை. இறந்த ஒருவரின் சிறுநீரகத்தையும் கணையத்தையும் ஒன்றாகப் பொருத்துவது 1966இல் மினசோட்டாவில் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் இப்படிப் பொருத்திய கணையம் 10 பேரில் சுமார் 9 பேருக்கு ஒரு வருடம் கழித்தும் வேலை செய்கிறது. இன்சுலினைச் சுரப்பது கணையம்தான், அதனால் இன்சுலின் ஊசி நின்றுவிடும். தூக்கத்தில் சர்க்கரை இறங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு மிலோ கலக்கி ஊட்டுகிற பயமும் போய்விடும் (அந்தக் கலவரத்தை நானே பார்த்திருக்கிறேன்). புதுச் சிறுநீரகத்தையும் சர்க்கரை மறுபடி அரிக்காது.

ஆனால் அறுவை பெரிது. முதல் சில நாட்களிலேயே கணையத்தின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து உறுப்பே போய்விடலாம். கணையம் சுரக்கும் செரிமான நீர் வடிவதற்காக, அதோடு ஒட்டி வரும் கொடையாளியின் முன்சிறுகுடல் துண்டைக் குடலோடு தைப்பார்கள். அந்தத் தையல் கசிந்தால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதுதான். இதயம் இதற்கெல்லாம் தாங்க வேண்டும்.

அக்காவின் சிறுநீரகம் என்றால் வேலை இடுப்புக் குழியோடு முடிந்துவிடும். உயிரோடு இருப்பவர் தந்த சிறுநீரகம் 15, 20 வருடம் ஓடுவது சாதாரணம். சர்க்கரை மட்டும் அப்படியே இருக்கும், சொல்லப்போனால் கூடும். உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு இரண்டுமே சர்க்கரையை ஏற்றுபவை. ஆரம்ப வருடங்களில் இந்த வழியே பாதுகாப்பு. பத்து வருடம் தாண்டினால், கணையம் நிலைத்தவர்கள் முந்துகிறார்கள்.

சரி, இதெல்லாம் உறுப்பு கிடைத்தால். கோலாலம்பூர் மருத்துவமனையில் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று 1975இல் நடந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இறந்தபின் உறுப்பு தருபவர்கள் இங்கே பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான். ஸ்பெயினில் 40க்கு மேல். அதிலும் கணையத்துக்கு இளவயது, ஒல்லியான கொடையாளி வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் டயாலிசிஸ் அவன் இதயத்தைத் தேய்க்கும். அதனால் என் ஓட்டு அக்காவுக்கு.

“அப்புறமா கணையத்தை மட்டும் வச்சுக்கலாமே?” என்றார் அத்தை. வைக்கலாம், ஆனால் அதில் ஒரு சிக்கல். இரண்டும் ஒரே கொடையாளியுடையது என்றால், நிராகரிப்பு தொடங்கும்போது பெரும்பாலும் சிறுநீரகம் முதலில் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும். கணையம் வேறொருவருடையது என்றால் அந்த மணி அடிக்காது. சர்க்கரை ஏறித் தெரியவரும்போது கணையத்தில் பாதி போயிருக்கும்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று கேட்டார்.